வில்வண்டியிலிருந்து பென்ஸ் வரை: எதை முதல்ல மாத்தறது?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி குறைவா இருக்கிற நாளாப் பார்த்துப் படிங்க :-)

வில்வண்டி பார்த்திருக்கீங்களா மக்களே? என் தலைமுறைக்கு அது பழைய கறுப்பு வெள்ளை படத்துல பண்ணையார் வந்து இறங்கற வண்டி. கூண்டு, மெத்தை, சலங்கை கட்டின ரெண்டு காளை. பேர்ல இருக்கிற வில், அம்பு விடற வில் இல்லை. அச்சுக்கும் வண்டித் தட்டுக்கும் நடுவுல வளைஞ்சு உட்கார்ந்திருக்கிற இரும்புப் பட்டை. சாதாரண கட்டை வண்டியில தட்டு நேரா அச்சு மேலயே இருக்கும். சக்கரம் பள்ளத்துல இறங்கினா நம்ம முதுகெலும்பும் கூடவே இறங்கும். அந்த ரெண்டு பட்டை வந்ததும் அதே மாடு, அதே ரோடு, ஆனா சவாரி வேற. ஆக, நம்ம ஊர்ல எது சாதா வண்டி, எது சொகுசு வண்டின்னு பிரிச்சதே சஸ்பென்ஷன்தான். அந்தஸ்தும் அதுலயேதான் இருந்தது. பொதுச்சாலையில நடக்கவே அனுமதி மறுக்கப்பட்ட சமூகத்துல பிறந்த அய்யன்காளி, 1893-ல் திருவனந்தபுரம் பக்கம் வெங்ஙானூர்ல ஒரு வில்வண்டியில ஏறி சாலையில ஓட்டிப் போனார். அது அவ்வளவு பெரிய கலகமா ஆனதுக்கு அந்த வண்டி வில்வண்டியா இருந்ததும் ஒரு காரணம்.

லாரி பட்டறையில இதே பட்டைக்கு 'கமான்'னு பேரு. கமான்னாலும் உருதுல வில்லுதான். மெயின் பட்டை, அதுக்குக் கீழ சின்னச் சின்ன பட்டைகள், எல்லாத்தையும் இறுக்கிப் பிடிக்க யு போல்ட். வேப்பூர் கூட்ரோட்டுல நின்னா இந்தக் கமான் கட்டு கிறீச்சிடற சத்தம் ராத்திரி பகலாக் கேட்கும். சென்னை - திருச்சி ரோடும், கடலூர்ல இருந்து விருத்தாசலம் வழியா சின்னசேலம் போற ரோடும் வெட்டிக்கிற இடம் எங்க ஊர். கிழக்கே விருத்தாசலத்துல பீங்கான் தொழிற்பேட்டை. அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்க அரசு நிறுவனமே அங்க இருக்கு. பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் லாரியில ஏத்தும்போது நடுநடுவே வைக்கோல் திணிப்பாங்க. கமான் விட்டுக் கொடுக்காத குலுக்கலை வைக்கோல் வாங்கிக்கும். இந்த வைக்கோலை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வேணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க பெரியப்பாகிட்ட ஒரு பென்ஸ் இருக்கு. 1996 மாடல் இ220, கார் பைத்தியங்க பாஷையில டபிள்யூ124. என்னை விட மூத்தது. செகண்ட் ஹேண்டா வாங்கினது. வேப்பூர்ல இருந்து சென்னைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல, பெரியம்மாவோட முதுகு வைத்தியத்துக்காக மாசம் ஒரு தடவை போயிட்டு வரணும். வண்டி ஆட ஆரம்பிச்சதும் சென்னையில ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம். அவங்க ரெண்டு பக்கத்துக்கு லிஸ்ட் கொடுத்தாங்க. கூட்டிப் பார்த்தா, வண்டியை வித்தா கிடைக்கிறதை விட ரிப்பேர் செலவு அதிகம். மொத்தமா செய்யக் காசில்லை. விக்க அவருக்கு மனசில்லை. அப்ப எதை முதல்ல செய்யறது?

பொட்டி தட்டறவன்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டா என்ன பண்ணுவான்? டிபெண்டன்ஸி பார்ப்பான். எது எது மேல நிக்குதுன்னு தெரியணும்னா இந்த சமாச்சாரம் எல்லாம் எந்த வரிசையில கண்டுபிடிச்சு சேர்த்தாங்கன்னு தெரிஞ்சா போதும்னு எனக்குத் தோணிச்சு. அதனாலதான் வில்வண்டியில ஆரம்பிச்சேன்.

முதல்ல சக்கரம், அச்சு. சக்கரத்தை வண்டியோட பிடிச்சு வைக்கிறது ஆதி வேலை. அடுத்து வில். இங்கிலாந்துல ஒபடையா எலியட்ங்கிறவர் 1800களின் தொடக்கத்துல ரெண்டு பட்டையை எதிரும் புதிருமா வெச்ச நீள்வட்ட ஸ்பிரிங்குக்கு காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டி லேசாச்சு. குதிரை வேகத்துக்கு வில் மட்டுமே போதும். கார் வேகத்துக்குப் போதலை. வில்லை அமுக்கி விட்டா அது ஒரு தடவையோட நிக்காது, மறுபடி மறுபடி துள்ளும். அந்தத் துள்ளலை அடக்க இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல முதல்ல தட்டுகளை உரசவிட்டுப் பார்த்தாங்க, அப்புறம் எண்ணெயைச் சின்ன ஓட்டை வழியாத் தள்ளினாங்க. அதுதான் நாம ஷாக்கப்சர்னு சொல்றது. பேரே தப்பு. அதிர்ச்சியை வாங்கிக்கிறது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை அடக்கறதுதான் ஷாக்கப்சர். இந்தப் பேர் குழப்பத்தால எத்தனை பேர் தேவையில்லாம செலவு பண்றாங்கன்னு கீழ பாருங்க.

அடுத்த படி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியா ஆட விடறது. லான்சியா லாம்ப்டா 1922-லயே முன் சக்கரங்களுக்கு அதைச் செஞ்சுது. 1933-ல் மெர்சிடிஸ் 380-ல் மேலும் கீழும் ரெண்டு விஷ்போன் ஆர்ம், காயில் ஸ்பிரிங், தனி ஷாக்னு ஒரு அமைப்பு வந்தது. இன்னிக்கு வரைக்கும் நல்ல கார்கள்ல அதோட பேரன் பேத்திகள்தான் ஓடுது. ஆனா இதுல ஒரு விலை இருக்கு. ஒரே இரும்பு அச்சு இருந்த இடத்துல ஆர்ம், புஷ், பால் ஜாயின்ட்னு மூட்டுகள் முளைச்சுது. மனுஷனுக்கு வயசானா மூட்டு வலி வர்ற மாதிரிதான் காருக்கும்.

எல்லாத்துக்கும் மேல சொகுசு அடுக்கு. 1955-ல் சித்ரோயன் டிஎஸ், ஸ்பிரிங்குக்கு பதிலா எண்ணெயும் வாயுவும் வெச்சு மிதந்தது. 1962-ல் பாரிஸ் பக்கம் டி கால் மேல சுட்டப்போ டயர் போயும் நிக்காம அவரைத் தப்பிக்க வெச்சது இந்த டிஎஸ்தான். அமெரிக்காவுல 1957-ல் கேடிலாக் எல்டொராடோ ப்ரோம் காத்து சஸ்பென்ஷனோட வந்தது. அது ஒழுக ஆரம்பிச்சதும் நிறைய ஓனர்கள் காத்துப் பையைக் கழட்டி எறிஞ்சுட்டு சாதா காயில் ஸ்பிரிங் போட்டுக்கிட்டாங்க. அதாவது சரித்திரத்துல ஒரு படி கீழ இறங்கினாங்க. வண்டி ஓடிச்சு. சொகுசுதான் குறைஞ்சுது.

இப்படி இறங்கி வர்ற கதை நம்ம மெட்ராஸ்லயும் நடந்திருக்கு, அதுவும் ஓனர் இல்லை, கார் கம்பெனியே இறங்கிச்சு. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைக் கொண்டு வந்தது. இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டோட இந்திய அவதாரம். இத்தாலிக்காரர் மிகெலோட்டி வரைஞ்ச அழகான உடம்பு. பின்பக்கம் குறுக்கே ஒரே ஒரு கமான், ரெண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடற ஸ்விங் ஆக்ஸில். தனித்தனி சக்கரம், கேட்கவே நவீனம். ஆனா இந்த ஊஞ்சல் அச்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேகமா வளையும்போது பின்பக்கம் தூக்கினா சக்கரம் உள்பக்கமா மடங்கி, பிடிப்பு திடீர்னு போயிடும். அமெரிக்காவுல 1960 மாடலா வந்த செவ்ரலே கார்வேர் இதே விஷயத்துல கோர்ட் வரைக்கும் இழுக்கப்பட்டு, 1965 மாடல்ல பின்பக்க அமைப்பையே மாத்தினாங்க. இங்கே நம்ம மெக்கானிக்குகளுக்கும் ஓனர்களுக்கும் ஸ்விங் ஆக்ஸில் பிடிக்கவே இல்லை. 1972-ல் அதே ஹெரால்டை கெசல்னு புதுப் பேர்ல கொண்டு வந்தப்போ, பின்னாடி அம்பாசடர் மாதிரி உறுதியான ஒரே அச்சைப் போட்டுட்டாங்க!

இதைப் பின்னடைவுன்னு எழுதறவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணலை. எந்த ஊர் ரோடு, எந்த ஊர் மெக்கானிக், எவ்வளவு காசுன்னு பார்த்து எடுத்த முடிவு அது. அம்பாசடரையே பாருங்க. முன்னாடி முறுக்கிக்கிற டார்ஷன் பார், பின்னாடி நம்ம கமான். 1950களோட கடைசியில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் ஓடிச்சு. ஒரு புஷ் போனா திட்டக்குடியிலயும் கிடைக்கும், பெண்ணாடத்துலயும் கிடைக்கும்.

சொகுசுன்னு பேசினா அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985-ல் விட்ட ஸ்டாண்டர்ட் 2000-ஐ விட முடியாது. ரோவர் எஸ்டி1, அதாவது 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார்னு பட்டம் வாங்கின உடம்பு. அதுக்குள்ள பழைய வேன்கார்ட் காலத்து 1991 சிசி இன்ஜின். நம்ம ரோட்டுக்காக சஸ்பென்ஷனைத் தூக்கி வெச்சாங்க. ஒட்டகச் சிவிங்கி குட்டி மாதிரி நிக்கும். 1988-லயே கடையைக் கட்டியாச்சு. ஆச்சரியம் என்னன்னா, ஒரிஜினல் ரோவர்லயே பின்னாடி தனி சக்கரம் கிடையாது. அதுக்கு முந்தைய ரோவர் பி6-ல் இருந்த சிக்கலான டி டியான் அமைப்பை விட்டுட்டு எஸ்டி1-க்கு சாதா அச்சு, காயில் ஸ்பிரிங்னு அவங்களே இறங்கி வந்தாங்க. அதுக்கே விருது கிடைச்சுது!

சரி, பென்ஸ். 1994-ல் டெல்கோவோட சேர்ந்து மெர்சிடிஸ் இந்தியாவுக்கு வந்து, 1995-ல் புனே ஆலையில டபிள்யூ124-ஐ செய்ய ஆரம்பிச்சாங்க. ஜெர்மனியில அந்த மாடலுக்கு 1984-ல் பூஜை போட்டது, அங்க அது விடைபெறும் நேரத்துல இங்க நுழைஞ்சுது. பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அஞ்சு கம்பி. 1982-ல் 190-ல் வந்த மல்டி லிங்க் அமைப்பு. ரெண்டு பக்கமும் சேர்த்துப் பத்து கம்பி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூட்டு. லிஸ்ட் ஏன் ரெண்டு பக்கம் போச்சுன்னு புரிஞ்சுதா?

முன்பக்கம்தான் முக்கியம். இங்க கொஞ்சம் நின்னு பார்ப்போம். 1983-ல் வந்த மாருதி 800 மாதிரி கார்கள்ல முன்னாடி மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங் அந்தத் தூணோட மேலயே இருக்கும். வண்டி பாரம் தூண் வழியா நேரா சக்கரத்துக்கு இறங்கும். கீழ இருக்கிற பால் ஜாயின்ட் சக்கரத்தை இடம் மாறாம பிடிச்சுக்கும், அவ்வளவுதான். டபிள்யூ124-லயும் தூண் இருக்கு, ஆனா ஸ்பிரிங் அதுல இல்லை. தனியா, லோயர் ஆர்ம் மேல உட்கார்ந்திருக்கு. அப்போ முன்பக்கப் பாரம் முழுக்க ஆர்ம் வழியா அந்த ஒரு பால் ஜாயின்ட்ல வந்து நிக்குது. எலுமிச்சம்பழ அளவு கூட இல்லாத ஒரு உருண்டை. அது கழண்டா சக்கரம் மடங்கி, வண்டி மூக்கைத் தரையில குத்தும். உளுந்தூர்பேட்டை தாண்டி நூறுல போகும்போது இது நடந்தா என்னன்னு யோசிக்கவே வேணாம்.

பெரியப்பா கணக்கு வேற.

"தம்பி, வண்டி தூக்கிப் போடுதுடா. உங்க பெரியம்மாவுக்கு இடுப்பு விட்டுப் போகுது. ஷாக்கப்சர் நாலையும் மாத்திட்டா போதும்."

"அது அடுத்த தடவை பெரியப்பா. முதல்ல கீழ பால் ஜாயின்ட்டைப் பார்த்துடுவோம். டொக்குனு ஒரு சத்தம் வருதுல்ல?"

"அதுவா? பாட்டு வெச்சா கேக்காதுடா."

:-))

விருத்தாசலத்துல பழைய அம்பாசடர் காலத்து மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கொண்டு போனோம். சக்கரத்தை அந்தரத்துல தொங்க விட்டு ஆட்டினா இந்த வண்டியில தேய்மானம் தெரியாது. ஸ்பிரிங் ஆர்மை அழுத்தி மூட்டை இறுக்கியே வெச்சிருக்கும். ஜாக்கியை லோயர் ஆர்முக்குக் கீழயே, சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அங்க கொடுத்து, பாரத்தை எடுத்துட்டு, கடப்பாரையால நெம்பிப் பார்க்கணும். பார்த்தார். இடது பக்க உருண்டை கண்ணுக்குத் தெரியறாப்ல ஏறி இறங்கிச்சு. ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் எப்பவோ போயிருக்கு. பெரியப்பா குனிஞ்சு பார்த்தார். அப்புறம் ஷாக்கப்சர் பேச்சை எடுக்கலை.

அந்த உருண்டையோட விலை, சென்னை லிஸ்ட்ல இருந்த பொருள்கள்ல கிட்டத்தட்ட கடைசி. இதைத்தான் நான் அந்த லிஸ்ட்டை சரித்திர வரிசையில அடுக்கினப்போ பார்த்தேன். சக்கரத்தைப் பிடிச்சு வைக்கிறதும் திருப்பறதும் பழைய சமாச்சாரம், அதனால எளிமை, அதனால மலிவு. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ட்ராக் லிங்க், ஐட்லர் ஆர்ம் புஷ் எல்லாம் இந்த வகை. மேல போகப் போக சொகுசு, அதுக்கேத்த விலை. ஆனா ஒர்க்‌ஷாப் லிஸ்ட்ல பெரிய தொகை மேல நிக்கும். நம்ம கண்ணும் முதல்ல அங்கதான் போகும்.

இந்த வரிசையை அப்படியே சூத்திரமா வெச்சுக்க முடியாது. ரெண்டு இடத்துல உதைக்கும். ஒண்ணு, ஷாக்கப்சர். அது ஸ்பிரிங்குக்கு அப்புறம் வந்தது, ஆனா ரிப்பேர்ல ஸ்பிரிங்கை முந்தும். ஸ்பிரிங் கொஞ்சம் தொய்ஞ்சா வண்டி குனிஞ்சு நிக்கும், அவ்வளவுதான். ஷாக் செத்தா பிரேக் அடிக்கும்போது டயர் ரோட்டைத் தொட்டுத் தொட்டுக் குதிக்கும், நிக்கிற தூரம் கூடும். வில்வண்டி காளை நடைக்கு ஷாக் இல்லாம காலம் தள்ளிச்சு, நாலு வழிச்சாலையில முடியாது. அதனால பெரியப்பா கேட்டது தப்பில்லை, ரெண்டாவது இடத்துல வரவேண்டியதை முதல்ல கேட்டார். மாத்தினா ஒரே அச்சுல ஜோடியா மாத்தணும். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா வண்டி நொண்டும்.

இன்னொண்ணு, ஒண்ணு கெட்டா இன்னொண்ணைக் கெடுக்கிற சமாச்சாரம். கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் 1998-ல் அறிமுகமான டபிள்யூ220 எஸ் கிளாஸ் ஒண்ணை சல்லிசா வாங்கினார். காத்து சஸ்பென்ஷன். காத்துப் பை லேசா ஒழுகிச்சு, காலையில மூலை இறங்கி நிக்கும், ஸ்டார்ட் பண்ணா தானா எழும்பிக்கும். எழும்புதேன்னு விட்டுட்டார். ஒழுக ஒழுக ஈடுகட்ட கம்ப்ரஸர் விடாம ஓடி அதுவும் எரிஞ்சுது. சொகுசு அடுக்குதானே, கடைசியில பார்த்துக்கலாம்னா இந்த மாதிரி இடத்துல கையைச் சுடும். ஒண்ணு உடனே பையை மாத்தணும், இல்லைன்னா அந்த கேடிலாக்காரங்க மாதிரி காயிலுக்கு இறங்கிடணும். நடுவுல நின்னா ரெண்டு செலவு.

எங்க வண்டிக்கு முதல் சுற்றுல ரெண்டு பக்க பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ்கள், டை ராட் ரெண்டும், ஐட்லர் புஷ். ஆர்ம் எப்படியும் கழட்டியாச்சு, புஷ்ஷை விட்டு வெச்சா திரும்ப அதே கூலி கொடுக்கணும். இங்க மெக்கானிக் அண்ணன் ஒரு வேலை பண்ணார், எல்லாரும் கேட்டு வெச்சுக்கோங்க. புஷ் போல்ட்டை ஜாக்கியில தொங்கும்போது இறுக்கவே இல்லை. வண்டியைத் தரையில இறக்கி, அழுத்தி ஆட்டி உட்கார வெச்சு, அப்புறம் கீழ படுத்து இறுக்கினார். அந்த ரப்பர் இரும்போட ஒட்டினது, சுத்தாது, முறுக்கிக்கும். தொங்கும்போது இறுக்கினா தரையில நிக்கிற நேரமெல்லாம் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். கடைசியா வீல் அலைன்மென்ட். மூட்டு ஆடிட்டு இருக்கும்போது அலைன்மென்ட் பண்றது ஆடற ஏணியில நின்னு சுவருக்கு கோடு போடற மாதிரி.

நாலு மாசம் கழிச்சு ஷாக் நாலும். நான் பாதி, பெரியப்பா பாதி. அந்த நாலு மாசமும் பெரியம்மா முதுகுக்கு இலவம்பஞ்சு தலையணை ரெண்டு வெச்சுக்கிட்டுதான் சென்னை போய் வந்தாங்க. பீங்கானுக்கு வைக்கோல் மாதிரி.

பின்பக்கம் கொஞ்சம் தொய்ஞ்சிருக்கு. அதனால பின் டயர் உள்பக்கம் சீக்கிரம் தேயுது. இதுக்கு லிஸ்ட்ல புது ஸ்பிரிங் போட்டிருந்தாங்க. ஆனா இந்த வண்டியில ஸ்பிரிங்குக்கு வெக்கிற ரப்பர் வளையம் பல கனத்துல வரும். எத்தனை மொட்டு இருக்குன்னு எண்ணினா கனம் தெரிஞ்சுடும். கனமான வளையம் போட்டு கொஞ்சம் தூக்கியாச்சு. ஸ்டாண்டர்ட் 2000 அளவுக்கு இல்லை :-) பத்து கம்பியில ஆட்டம் அதிகமா இருந்த நாலு மட்டும் அடுத்த சுற்றுக்கு வெச்சிருக்கோம். சப்ஃப்ரேம் மவுண்ட் அதுக்கும் அடுத்து. ஸ்டார்ட் பண்ணி கியர் போடும்போது பின்னாடி ஒரு முனகல் வருது, அது இப்போதைக்கு முனகிட்டுப் போகட்டும்.

இதுக்கு நடுவுல ஆர்.சி. புதுப்பிக்கிற தேதி வருது. பதினைஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. அதுக்குள்ள அந்த நாலு கம்பியும் வந்துடணும்.

உங்க வீட்டுப் பழைய ஆல்பத்துல ஹெரால்ட், கெசல், ஸ்டாண்டர்ட் 2000 முன்னாடி நின்னு யாராவது போட்டோ எடுத்திருந்தா எனக்கு அனுப்புங்க. அப்பா, மாமா கண்ணாடி போட்டு பானட் மேல கை வெச்சுட்டு நிக்கிற போட்டோவா இருந்தா இன்னும் விசேஷம்.